மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாத துத்தநாகம்

துருக்கியின் மத்திய அனத்தோலியாவில் தழைச்சத்தும் மணிச்சத்தும் தாராளமாக இட்டும் பல வயல்களில் கோதுமை தேறவில்லை. ஏன்? மண்ணில் துத்தநாகம் அறவே இல்லாமல் போகவில்லை. சுண்ணாம்பும் காரத்தன்மையும் மிகுந்து, மட்குக் குறைந்த அந்த மண் அதை வேருக்குக் கரைத்துக் கொடுப்பதில்லை. 1990-களில் பயிர் ஊட்ட அறிஞர் இஸ்மாயில் சாக்மாக் குழுவினரின் ஆய்வுகளில், பற்றாக்குறை கடுமையாக இருந்த இடங்களில் துத்தநாகம் இட்டதும் விளைச்சல் இரு மடங்கைத் தாண்டியது.

இன்னொரு உரச் செலவா என்ற தயக்கம் நியாயமானதே. ஆனால் எக்டேருக்குச் சில கிலோ துத்தநாகமே போதும். ஒருமுறை மண்ணில் இட்டது அடுத்த சில பருவங்களுக்கும் உதவும். துத்தநாகம் குறைந்தால் பயிரில் புரத உருவாக்கம் தடைப்பட்டு, தழைச்சத்துக்குக் கொட்டிய பணமும் வீணாகிறது. உண்மையான நட்டம் அதுதான். மண் பரிசோதனையில் போதிய அளவு தெரிந்த வயலுக்கு மட்டும் இந்தச் செலவு தேவையில்லை.