கையொப்பம் இருக்கிறது, காலத்திற்குச் சாட்சி எங்கே?

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய கிளைக்குச் சிறுதொழில் வாடிக்கையாளர் ஒருவர் கடன் வரம்பைப் புதுப்பிக்க வந்தார். அவரும் அவருடைய அண்ணனும் தொழிற்கூட்டாளிகள். இலாபப் பங்கு குறித்து இருவரும் டிஜிட்டல் கையொப்பமிட்ட உடன்பாட்டைப் பி.டி.எஃப். கோப்பாக அளித்தார். இதற்கிடையில் அண்ணன் காலமாகியிருந்தார். அவருடைய கையொப்பச் சான்றிதழின் காலமும் முடிந்திருந்தது. கையொப்பமிட்ட நேரம் அவருடைய கணினிக் கடிகாரத்திலிருந்து பெறப்பட்டது என்று மட்டுமே கோப்பு காட்டியது. மீண்டும் கையொப்பமிட அவர் இல்லை. பழைய மின்னஞ்சல்களைத் தேடியெடுத்து, அவர் வாழ்ந்த காலத்திலேயே அந்த ஆவணம் உருவானது என்று நிறுவுவதற்குள் பல வாரங்கள் கடந்துவிட்டன.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 டிஜிட்டல் கையொப்பத்திற்குச் சட்ட ஏற்பு அளித்துள்ளது. கையொப்பமிட்டவர் யார், அதன்பின் ஆவணம் மாற்றப்பட்டதா என்னும் இரண்டு கேள்விகளுக்கு அது விடை தருகிறது. 'எப்போது' என்னும் மூன்றாவது கேள்விக்குக் கணினிக் கடிகாரம் தரும் விடை போதாது. கடிகாரத்தை எவரும் பின்னோக்கித் திருப்பலாம். மேலும், கையொப்பச் சான்றிதழ்கள் பெரும்பாலும் 1 முதல் 3 ஆண்டுகள் வரையே செல்லுபடியாகும். கடன், குத்தகை ஆவணங்களோ 15, 20 ஆண்டுகள் பாதுகாக்கப்பட வேண்டியவை. சான்றிதழ் காலாவதியானதாலேயே பழைய கையொப்பம் செல்லாததாகிவிடாது. ஆனால் அது உரிய காலத்தில் இடப்பட்டது என்று மெய்ப்பிக்கும் சுமை நம்மீது விழுகிறது.

அந்தச் சுமையைக் குறைப்பதே நம்பகமான நேரமுத்திரை. கடித உறையின்மீது அஞ்சலகம் இடும் தேதி முத்திரையைப் போன்றது இது. கையொப்பமிடும்போது மென்பொருள், கையொப்பத்திலிருந்து கணித்த சுருக்கக் குறியீடு ஒன்றை மட்டும் நேரமுத்திரைச் சேவையகத்திற்கு அனுப்புகிறது. சேவையகம் அதனுடன் நேரத்தைச் சேர்த்துத் தானும் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புகிறது. ஆவணம் உங்கள் கணினியை விட்டு வெளியே செல்வதில்லை. அதன் இரகசியம் குறித்து அஞ்ச வேண்டியதில்லை.

இவ்வசதியை ஒருமுறை அமைத்துக்கொண்டால் போதும். அடோபி ரீடரில் பிரிஃபரன்சஸ் பகுதிக்குச் சென்று, சிக்னேச்சர்ஸ் என்பதன்கீழ் டாக்குமெண்ட் டைம்ஸ்டாம்பிங் பிரிவில் சேவையக முகவரியைச் சேர்த்து, அதையே இயல்பான தேர்வாக அமைக்க வேண்டும். லிப்ரே ஆபீஸில் ஆப்ஷன்ஸ், செக்யூரிட்டி வழியாக முகவரியைப் பதிந்துவைத்து, பி.டி.எஃப். ஆக மாற்றிக் கையொப்பமிடும்போது அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டுப்பாட்டாளரிடம் உரிமம் பெற்ற சான்றளிக்கும் நிறுவனங்கள் சில இச்சேவையை வழங்குகின்றன. சான்றிதழ் வாங்கும்போதே முகவரியையும் கட்டணத்தையும் கேட்டறிக. கையொப்பமிடும் நேரத்தில் இணைய இணைப்பு இருத்தல் அவசியம்.

கையொப்பமிட்டதும் கோப்பின் சிக்னேச்சர் பகுதியைத் திறந்து பாருங்கள். நேரமுத்திரை உட்பொதிந்துள்ளது என்றிருந்தால் நன்று. நேரம் கணினிக் கடிகாரத்திலிருந்து பெறப்பட்டது என்றிருந்தால், அமைப்பைச் சரிசெய்து மீண்டும் கையொப்பமிடுக. பிற்காலத்தில் இடும் முத்திரை, அந்த நாளில் ஆவணம் இருந்தது என்பதற்கு மட்டுமே சான்றாகும். கடந்துபோன நாளுக்கு அது சாட்சி சொல்லாது. ஆகவே, கையொப்பமிட வேண்டிய அனைவரும் அருகில் இருக்கும்போதே இதைச் செய்துகொள்வது நலம்.