இரண்டு மணிக்கு ஒரு முறை

தலைவெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை வழங்கச் செல்லும் குருக்கள், வாசற்படியில் கால் வைத்த மாத்திரத்திலேயே சில வீடுகளின் நிலையை அறிந்துகொள்வர். சாம்பிராணி மணத்தையும் மீறி ஒரு வாடை வரும். தேவாரத்தில் பக்கவாதத்தால் படுத்திருந்த ஒரு மூதாட்டியின் இல்லத்திற்கு அவ்வாறு மூன்று மாதங்கள் சென்றேன். செபித்தேன்; ஆறுதல் சொன்னேன். அவரை யார் புரட்டிப் படுக்க வைக்கிறார்கள் என்று ஒரு முறையேனும் கேட்கவில்லை. நான்காம் மாதம் மருமகள் போர்வையை விலக்கிக் காட்டினாள். முதுகெலும்பின் அடியில் உள்ளங்கை அகலத்திற்குக் குழி விழுந்து, எலும்பு தெரிந்தது.

அப்பெண்ணைக் குறை கூற எனக்கு நா எழவில்லை. விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்ட வேலைக்கு மலைக்குச் செல்பவள், பொழுது சாய்ந்தே வீடு திரும்புவாள். காலையில் மல்லாந்து கிடத்தப்பட்டவர் மாலை வரை மல்லாந்தே கிடந்தார். தலைமாட்டில் கஞ்சியும் தண்ணீரும் இருந்தன. அவளுக்கு அன்பு இல்லாமலில்லை; யாரும் சொல்லித் தரவில்லை. குருமடத்தில் நோயில்பூசுதலின் இறையியலைக் கற்ற எனக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

படுக்கைப்புண் உண்டாகும் விதம் எளியது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தோலும் தசையும் நசுங்குகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. இரத்தம் செல்லாத தசை மடிகிறது. நமக்கு உறக்கத்திலும் உடம்பு தானே புரளும். வாதம் கண்டவருக்கு அது இயலாது. ஆகவே பின்தலை, தோள்பட்டை, இடுப்பெலும்பு, முதுகடி, குதிகால் ஆகியவற்றை நாள்தோறும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின்னும் சிவப்பு மறையாவிடில், புண் தொடங்கிவிட்டதென்று பொருள். நம்மைப் போன்ற கருநிறத் தோலில் சிவப்பு தெரியாது. தொட்டுப் பார்த்தால் அவ்விடம் சூடாகவோ கல்லிப்போயோ இருக்கும். அதனைத் தேய்த்துவிடலாகாது. எண்ணெய் போட்டு நீவுவது நம் வழக்கம். அடியில் நைந்த தசையை அது மேலும் நைத்துவிடும்.

இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை இடப்புறம், மல்லாந்து, வலப்புறம் என மாற்றிப் படுக்க வைப்பதே வழி. மருத்துவமனைகளில் உதவிச் செவிலியர் இதற்கெனத் தனித்தாள் வைத்துக் குறித்துக்கொள்வர். வீட்டிற்குச் சுவர் நாட்காட்டியின் ஓரமே போதும். ஒருக்களித்திருக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. மல்லாந்திருக்கும்போது கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று வைத்தால் குதிகால் படுக்கையில் படாது. அக்குளில் கைகொடுத்து இழுத்தால் தோல் உராய்ந்து உரியும். பழைய வேட்டியை நான்காக மடித்து இடுப்பின்கீழ் விரித்து, இருவர் இருபுறமும் பிடித்துத் தூக்க வேண்டும். வாட்டர் பெட் வாங்கிவிட்டோமே என்று சிலர் நிம்மதியாக இருந்துவிடுகின்றனர். அது நல்லதே, ஆயினும் புரட்டுகிற வேலையிலிருந்து அது நமக்கு விடுதலை தருவதில்லை. சிறுநீர் நனைந்த துணியை உடனே மாற்றுவதும், பருப்பும் முட்டையும் தாராளமாகக் கொடுப்பதும் இதனோடு சேர்ந்தவை. தோல் கறுத்தாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ மஞ்சளும் சாம்பலும் அப்பாமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

உணவு ஊட்டுவதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. படுத்தபடியே ஊட்டினால் கஞ்சி மூச்சுக்குழலுக்குள் சென்று நெஞ்சில் சளி கட்டும். நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டி, அரைமணி நேரமாவது அப்படியே சாய்த்து வைத்திருத்தல் நலம்.

நோயாளிகளின் பாதுகாவலர்களுள் ஒருவராகிய புனித கமில்லஸ் (1550–1614) இப்பணியை உரோமையில் ஒரு மருத்துவமனையின் ஊழியராகவே தொடங்கினார். சூதாடித் திரிந்த போர்வீரர் அவர். காலில் ஏற்பட்ட ஆறாப் புண்ணுக்கு மருத்துவம் தேடிப்போன இடத்தில் நோயாளிகளுக்குப் பணிபுரியலானார். அப்புண் வாழ்நாளெல்லாம் அவரை விடவில்லை. 1886இல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் அவரை நோயாளிகளின் பாதுகாவலராக அறிவித்தார்.

நம் மலைக்கு அப்பால் கேரளத்தில், மலப்புறம் மாவட்டத்தார் தெருவாரியாகச் சாதாரண மக்களுக்கே பயிற்சி தந்து, படுக்கையிலிருப்போரைப் பேணும் ஏற்பாட்டைச் செய்தனர். தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ், படுக்கையிலிருப்போரின் வீட்டிற்கே செவிலியர் வரும் வழி பிறந்தது. எனினும் செவிலியர் வருவது எப்போதோ ஒரு நாள். புரட்டவேண்டியது இரண்டு மணிக்கு ஒரு முறை. வாரந்தோறும் வீடு சந்திக்கும் மரியாயின் சேனையாரிடம் இதனைச் சொன்னபோது, செபமாலை சொல்லப் போகும் கைகளால் இதையும் செய்யலாமே என்று முதலில் எழுந்தவர் ஒரு கைம்பெண்.

அம்மூதாட்டியின் புண் ஆறுமுன்னரே ஆண்டவர் அவரை அழைத்துக்கொண்டார். அதே தெருவில் நான்கு வீடு தள்ளி இப்போது வேறொருவர் படுத்திருக்கிறார். அவர் மகனும் மலைக்குப் போகிறவரே. காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் அக்கம்பக்கத்துப் பெண்கள் முறைவைத்துப் போய்ப் புரட்டிவிடுகின்றனர். பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் இன்னும் ஆள் அமையவில்லை.