குழந்தையின் இருமலும் மருந்துப் புட்டியும்

வேலூரை அடுத்த அமிர்தியின் பனிக்கால இரவொன்றில் குழந்தை இருமத் தொடங்கினால், தாயின் கை மருந்துப் புட்டியை நாடுவது இயல்பே. ஆயினும், 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தில், 0.1 சதவீதத்தை மீறலாகாத டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் விஷம் 48.6 சதவீதம் கலந்திருந்தமையால், அதை அருந்திய மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராக் குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலற்று மாண்ட துயரத்தை நாம் மறத்தல் தகாது. சளியை வெளியேற்றச் சரீரம் செய்யும் பிரயத்தனமே இருமல். பெரும்பாலும் அது தானே தணியும். இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல் மருந்து கூடாதென்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாக வேண்டாமென்றும் மத்திய சுகாதாரத் துறை அவ்வாண்டு அக்டோபரில் அறிவுறுத்தியது. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலும், ஓராண்டு கடந்த பிள்ளைக்குச் சிறிது தேனும் இதம் தரும். மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, தாய்மார்களே, தாமதியாமல் வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.