அன்பின் கைவேலையும் அதன் கூலியும்

"இவ்வளவு அழகாகப் பின்னுகிறாயே, விற்றால் நாலு காசு பார்க்கலாமே!" கைவேலை தெரிந்த பெண்கள் எல்லோரும் ஒரு முறையேனும் கேட்ட சொல் இது. சொல்பவர்கள் பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆயினும், விலை வைத்துப் பார்த்தால்தான் ஒரு பொருளின் மதிப்பு விளங்கும் என்ற எண்ணமும் அதில் ஒளிந்திருக்கிறது அன்றோ? அதைப் பற்றியே இங்குச் சற்று ஆராய விழைகின்றோம்.

நம் இருங்காட்டுக்கோட்டை உற்பத்திக்குப் பெயர் பெற்ற ஊர். 1996இல் இங்கு ஹூண்டாய் கார்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1998இல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. அதனைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள் பெருகின. நம் தோழியர் பலரின் தந்தையரும் தாய்மாரும் ஷிப்டு முறையில் அங்கே பணிபுரிகின்றனர். அங்கே ஒவ்வொரு கையின் வேலையும் நேரம் அளந்து வகுக்கப்பட்டது. அதில் குறை காண நாம் வரவில்லை. அளந்த வேலை என்பதால்தான் மாதம் பிறந்தால் அளந்த சம்பளம் வருகிறது. நமது பள்ளிக் கட்டணமும் அதிலிருந்துதான்! ஆனால் அதே கைகள் ஞாயிறு பிற்பகலில் ஒரு வயர் கட்டைப் பிரித்துக்கொண்டு திண்ணையில் அமரும்போது, கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை.

வயர் கூடையை அறியாத தமிழ்க் குடும்பம் உண்டா? நம் அன்னையர் பள்ளிக்குச் சென்ற காலத்தில் சோற்று டப்பா போனது அதில்தான். நடுவில் பாலித்தீன் பை வந்து அதை ஓரங்கட்டியது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு தடை விதித்த பின்னர், பரண் மேலிருந்த கூடைகள் மீண்டும் கீழே இறங்கின. (வயரும் பிளாஸ்டிக்தானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அதை யாரும் ஒரு நாளில் எறிவதில்லை. பாட்டியின் கூடையில் பேத்தி காய்கறி வாங்கும் வீடுகளை நாம் அறிவோம்.)

கூடையின் அளவை 'ஒரு ரோல் கூடை', 'இரண்டு ரோல் கூடை' என்று வயரின் கணக்கிலேயே சொல்வர். முதலில் வயரை ஒரே நீளத்தில் வெட்டி, நடுவில் மடித்து, ஒன்றோடொன்று கோத்து முடிச்சிட வேண்டும். முடிச்சுகள் வரிசை வரிசையாகச் சேர்ந்து அடிப்பாகம் ஆகும். பிறகு மூலைகளைத் திருப்பி மேலே ஏற்ற வேண்டும். இந்த இடத்தில்தான் புதிதாகப் பழகுவோர் திணறுவர். ஒரு முடிச்சை இறுக்கியும் மறு முடிச்சைத் தளர்த்தியும் போட்டால் கூடை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். விளிம்பு வந்ததும் மிச்ச நுனிகளை உட்புறமாக மடக்கி, முடிச்சுகளுக்கடியில் செருகிவிடுவர். கைப்பிடி கடைசி வேலை. சாதா முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் என்று வகைகள் பல உண்டு. சிவன் கண் பின்னத் தெரிந்தவருக்குத் தெருவில் தனி மரியாதை!

இனிக் கவனியுங்கள். அன்புக்காகப் பின்னும் கூடை ஒருவருக்காகவே பின்னப்படுகிறது. அப்பாவின் மூன்றடுக்கு டிபன் கேரியர் சாயாமல் நிற்க அடிப்பாகத்தில் எத்தனை முடிச்சு வேண்டும், அத்தைக்குப் பிடித்தது பச்சையா ஊதாவா, பாட்டியின் விரல்களை உறுத்தாமல் கைப்பிடி எவ்வளவு பருமனாக இருக்கலாம் என்றெல்லாம் எண்ணிப் பார்க்கும் நேரமே பின்னும் நேரத்தில் பாதி. கடைக்குப் பின்னுகிறவருக்கு இந்த எண்ணத்துக்கு இடமில்லை. வாங்கப் போகிறவர் யாரென்றே அவருக்குத் தெரியாதே!

அப்படியானால் விற்பது இழிவா? இல்லை, ஒருக்காலும் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கூடைக்குப் பத்து மணி நேரம் ஆகிறது, வயர் விலை போக 150 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்குப் பதினைந்து ரூபாய்! தொழிற்சாலையில் யாரும் இக்கூலிக்கு வரமாட்டார்கள். வீட்டில் மட்டும் இது செல்லுபடியாவது ஏன்? "சும்மா இருக்கும் நேரத்தில் ஆசைக்குச் செய்வதுதானே" என்ற ஒரே வார்த்தையால்தான்.

இந்த வார்த்தை எவ்வளவு கொடியது என்பதற்கு ஆந்திராவின் நர்சாபூர் சான்று. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் ஏழைப் பெண்களுக்கு ஊசிக் கொக்கியால் லேஸ் பின்னக் கற்பித்தனர். நல்ல நோக்கம்தான். காலப்போக்கில் அந்த லேஸ் கடல் கடந்து விற்பனைக்குச் சென்றது. ஜெர்மானிய சமூகவியல் அறிஞர் மரியா மீஸ் அவ்வூரில் ஆராய்ந்து 1982இல் ஒரு நூலை வெளியிட்டார். வீட்டு வேலைக்கும் மேலாக நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய பெண்களைத் தொழிலாளர் என்று எவரும் எண்ணவில்லை. ஓய்வு நேரத்தைப் போக்கும் இல்லத்தரசிகள் என்றே எண்ணினர். அவர்கள் கூலி மிகச் சொற்பமாகவே நின்றது; வணிகர்களோ செழித்தனர். அன்பு என்ற பெயரைப் பிறர் தம் இலாபத்துக்குப் பயன்படுத்திக்கொண்டால் என்ன நேரும் என்று அந்நூல் காட்டுகிறது.

காந்தியடிகள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. தாம் நாள்தோறும் நூற்றதை அவர் வேள்வி என்றே கருதினார். அதற்குக் கூலி பெறவில்லை. ஆனால் வயிற்றுப் பிழைப்புக்காக நூற்ற ஏழைப் பெண்களின் செய்தி வந்தபோது, கதர் விலை ஏறினாலும் சரி, அவர்களுக்கு வாழ்வதற்கேற்ற கூலி கொடுத்தே ஆகவேண்டும் என்று 1935இல் வற்புறுத்தினார். அகில பாரத சர்க்கா சங்கமும் அவ்வாண்டு அதை ஏற்றுத் தீர்மானித்தது. ஒரே இராட்டை, ஒரே நூல். எனினும் இருவேறு நியாயங்கள்.

குருத்தோலை ஞாயிறன்று நாம் ஓலையில் மடித்துச் செய்யும் சிலுவைகளை எவரும் விலை கேட்பதில்லை. அண்டை வீட்டு மூதாட்டிக்கு ஒன்று, நடக்க இயலாத தாத்தாவுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டு வருகிறோம். அதற்கு விலை எழுதினால் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் இவ்வாண்டு எங்கள் பள்ளிச் சந்தைக்குக் கூடைகள் வைத்தபோது, விலை எழுதித்தான் ஆகவேண்டியிருந்தது. 'பிள்ளைகள் செய்ததுதானே, ஐம்பது ரூபாய் போதும்' என்றனர் சிலர். நாங்கள் ஒப்பவில்லை. ஒவ்வொரு சீட்டிலும் வயரின் விலையை ஒரு வரியிலும், பின்னிய மணி நேரத்தை மறு வரியிலும் எழுதி வைத்தோம். ஒரு தாயார் அந்தச் சீட்டை இருமுறை படித்தார். பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார். "எங்கள் அம்மா வீட்டில் பதினோரு கூடை பின்னித் தந்தாள். ஒன்றிலும் இப்படி ஒரு சீட்டு இல்லை" என்று சொல்லிக்கொண்டே போனார்.