பட்டுவிட்டதா, உறங்குகிறதா? வாடிய குறுமரத்தை மீட்டெடுத்தல்

மருத்துவமனையில் பல வாரங்கள் தங்கி வீடு திரும்பும் குடும்பத்தினர், மறுபரிசோதனைக்கு வரும்போது எங்களிடம் கூறும் செய்தி ஒன்றுண்டு. “நோயாளியைக் கவனித்தோம்; வீட்டைக் கவனிக்க ஆளில்லை. தொட்டிச் செடிகள் எல்லாம் காய்ந்துவிட்டன.” சொல்பவரின் குரலில் வருத்தத்தைக் காட்டிலும் குற்றவுணர்வே மிகுந்திருக்கும். நோயுற்றவர் ஆசையோடு வளர்த்த செடியாக இருந்தால், அதை அவர் கண்ணில் படாமல் மறைத்துவைப்பவர்களும் உண்டு.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் இது எளிதில் நேரக்கூடியதே. ஆனி, ஆடி மாதங்களில் மலைக் கணவாய் வழியே இறங்கி இப்பகுதியின் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று, ஆழமற்ற தொட்டியின் மண்ணை ஒரே பகலில் உலர்த்திவிடும். அதிலும் அகலமும் ஆழமும் குறைந்த தட்டில் வாழும் போன்சாய் என்னும் குறுமரம், இரண்டு மூன்று நாள் நீரின்றி இருந்தாலே இலை உதிர்க்கும். எனினும், இலை உதிர்ந்த மரமெல்லாம் பட்ட மரம் அன்று. மீட்கக்கூடியதை எப்படி அறிவது, எப்படி மீட்பது, அதைச் செய்கையில் நோயாளியின் உடல்நலத்தை எப்படிக் காப்பது என்பவற்றை இக்கட்டுரையில் கூறுகிறோம்.

வழுக்கை என்று பெயர் பெற்ற மரம்

உதாரணத்திற்கு ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். வழுக்கைச் சைப்ரஸ் என்பது அமெரிக்காவின் தென்கிழக்குச் சதுப்பு நிலங்களுக்கு உரிய மரம். லூசியானா மாநிலத்தின் அரசு மரமும் அதுவே. குறுமரம் வளர்ப்போர் உலகெங்கும் அதை விரும்புகின்றனர். அதன் இனத்தைச் சேர்ந்த ஊசியிலை மரங்களுள் பெரும்பாலானவை ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்பவை. இதுவோ இலையுதிர்காலத்தில் செம்பழுப்பு நிறமடைந்து, இறகு போன்ற இலைகள் அனைத்தையும் உதிர்த்து, மொட்டையாக நிற்கும். வழுக்கை என்னும் அடைமொழி வந்தது அதனாலேயே. இவ்வியல்பை அறியாமல், உறங்கும் மரத்தைப் பட்டதென்று எண்ணிக் குப்பையில் எறிந்தவர்கள் பலர்.

இம்மரத்தின் ஆயுளோ வியப்பளிப்பது. வட கரோலினா மாநிலத்தில் பிளாக் ஆற்றங்கரைச் சதுப்பில் நிற்கும் ஒரு மரத்துக்குக் குறைந்தது 2,624 ஆண்டு வயது என்று 2019இல் ஆய்வாளர்கள் வளையங்களை எண்ணி அறிவித்தனர். இத்தகைய உறுதி படைத்த மரமும் ஒரு தட்டில் அடங்கும்போது, நம் கைநீரை நம்பியே வாழ்கிறது.

நம் ஊர்களில் ஆல், அரசு, இத்தி ஆகியவற்றையே குறுமரமாக வளர்ப்பவர் மிகுதி. கீழே கூறும் முறைகள் அவற்றுக்கும் பொருந்தும். வேறுபடும் இடங்களைச் சுட்டியிருக்கிறோம்.

உயிர் உண்டா என அறிதல்

முதலில் நுனிக்கிளை ஒன்றின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரமான பசுமை தெரிந்தால் அக்கிளைக்கு உயிர் உண்டு. பழுப்பாக உலர்ந்திருந்தால் சற்றுக் கீழே சென்று மீண்டும் பார்க்க வேண்டும். நுனியிலிருந்து அடி நோக்கி வரும்போது எங்கே பசுமை தென்படுகிறதோ, அதுவே மரத்தின் இப்போதைய எல்லை. அதற்கு மேலுள்ள காய்ந்த பகுதியைக் கூரிய, தூய்மையான கத்தரியால் நீக்கலாம். பச்சை தெரியும் இடங்களைத் திரும்பத் திரும்பச் சுரண்டுவது மட்டும் கூடாது. ஒவ்வொரு சுரண்டலும் மரத்துக்கு ஒரு புண்.

அடிமரத்தில் பசுமை இருந்தால் நம்பிக்கை கொள்ளலாம். வழுக்கைச் சைப்ரஸும் ஆலும் பழைய மரப்பகுதியிலிருந்தே புதுத் துளிர் விடும் ஆற்றல் உடையவை. வெப்பமான பருவத்தில் சில வாரங்களிலேயே துளிர் தோன்றக்கூடும். இரண்டு மூன்று மாதம் காத்திருப்பதும் தகும்.

முதலுதவி

நீண்ட நாள் உலர்ந்த மண், மேலே ஊற்றும் நீரை ஏற்பதில்லை. நீர் ஓரங்களின் வழியே வழிந்தோட, வேர்ப்பந்தின் நடுப்பகுதி காய்ந்தே இருக்கும். எனவே ஒரு வாளி நீரில் தொட்டியின் விளிம்பு மூழ்குமாறு வைத்து, குமிழிகள் எழுவது நிற்கும்வரை விட்டு, பின்னர் எடுத்து வடியவிட வேண்டும்.

அடுத்து, இடமாற்றம். உச்சி வெயிலும் நேர்க்காற்றும் படாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள அரைநிழலில் வைக்க வேண்டும். வேர் பழுதுற்ற மரத்தால், இலை வழியே வெளியேறும் நீரை ஈடுசெய்ய இயலாது. கருணையால் இருட்டறைக்குள் கொண்டுவைப்பதும் தவறு. வெளிச்சமின்றி எம்மரமும் உணவு ஆக்க முடியாது.

மூன்றாவது, உரத்தை நிறுத்துதல். வாடிய செடியைக் கண்டவுடன் உரமிடுவதே பலரின் இயல்பு. பழுதுற்ற வேரை உரத்தின் உப்பு மேலும் வாட்டும். அறுவைச் சிகிச்சை முடிந்த அன்றே யாருக்கும் விருந்து படைப்பதில்லை அல்லவா? புதிய இலைகள் விரிந்து நிலைபெற்ற பின்னரே, அதுவும் குறைந்த அளவில், உரமிடத் தொடங்கலாம்.

காரணத்தைத் தேடுதல்

தேறத் தொடங்கிய பின் காரணத்தை ஆராய வேண்டும். நீர் குறைவும் நீர் மிகுதியும் வெளியில் ஒரே தோற்றம் தரும். இரண்டிலும் இலை வாடும். மண்ணில் துர்நாற்றம் இருந்து, வேர்கள் கறுத்துக் குழைந்திருந்தால் அது அழுகல். அத்தகைய வேர்களை நீக்கி, நீர் எளிதில் வடியும் பரல் மண்ணில் மாற்றி நட வேண்டும். நம் பகுதியின் கரிசல் மண்ணை மட்டும் தொட்டியில் நிரப்புவது ஏற்றதன்று. ஈரத்தில் இறுகிக் காற்றைத் தடுக்கும், உலர்ந்தால் வெடித்து நுண்வேரை அறுக்கும். அழுகல் இல்லையெனில், நலிந்த மரத்தை உடனே தொட்டி மாற்றுவதைத் தவிர்க்க வேண்டும். அதற்கு மரம் வலுப்பெறும் வரை பொறுத்திருக்கலாம்.

வழுக்கைச் சைப்ரஸ் சதுப்பு மரமாதலால், கோடையில் அதன் தொட்டியை நீர் நிறைந்த தட்டில் வைப்பது வழக்கம். ஆலுக்கும் அரசுக்கும் அவ்வாறு செய்தால் வேர் அழுகும். ஒரு மரத்துக்கு மருந்தானது இன்னொன்றுக்கு நஞ்சாகலாம்.

இலைகள் உதிராமல் மஞ்சளாகவே வெளுத்தால் நீரின் தன்மையை ஐயுற வேண்டும். காரத்தன்மை மிகுந்த மண்ணிலும் நீரிலும், இரும்புச்சத்து இருந்தும் சைப்ரஸால் அதை உறிஞ்ச முடிவதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் வீடுகளில், ஐப்பசி, கார்த்திகை மழைநீரை மூடிய கலத்தில் சேமித்துவைத்து ஊற்றுவது பயன் தரும். வறண்ட கோடையில் சிலந்திப்பேன்கள் இலையின் அடிப்புறத்தில் பெருகும். நீரை விசையோடு பீய்ச்சி இலைகளைக் கழுவினாலே பெரும்பாலும் குறையும். பூச்சிக்கொல்லி தேவைப்பட்டால், அதைக் குளிர்பானப் புட்டியிலோ மருந்துப் புட்டியிலோ ஒருபோதும் ஊற்றிவைக்காதீர்கள்.

பெருமரங்கள் கூறும் சான்று

சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகத்திலுள்ள ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989இல் வீசிய புயற்காற்றில் வீழ்ந்தது. மரம் முடிந்தது என்றே கண்டவர்கள் எண்ணியிருப்பர். ஆனால் விழுதுகள் ஏற்கெனவே மண்ணில் ஊன்றியிருந்தன. இன்றும் அம்மரம் அவற்றின் மீது நிற்கிறது. ஹவுராவின் தாவரவியல் பூங்காவிலுள்ள பேராலமரம் 1864, 1867 ஆகிய ஆண்டுகளின் புயல்களில் காயமுற்றது. அக்காயங்களில் பூஞ்சை புகுந்தது. நோயுற்ற தாய்த்தண்டை 1925இல் அகற்றினர். எஞ்சிய மரமோ ஆயிரக்கணக்கான விழுதுகளோடு இன்றும் விரிந்துகொண்டிருக்கிறது. நோயுற்ற பகுதியை அகற்றுவது தோல்வியன்று என்பதை, உறுப்பு நீக்கச் சிகிச்சைக்கு உள்ளான நம் நோயாளிகள் நன்கறிவர்.

குறுமரத்திலும் ஒரு சான்று உண்டு. 1625 முதல் பராமரிக்கப்பட்டுவரும் வெண்பைன் குறுமரம் ஒன்று, 1945 ஆகஸ்டு 6 அன்று ஹிரோஷிமாவில், குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், யமாகி குடும்பத்தின் தோட்டத்தில் இருந்தது. சுற்றியிருந்த சுவர் அதைக் காத்தது. 1976இல் அக்குடும்பம் அதை அமெரிக்காவுக்கே நன்கொடையாக அளித்தது. அது குண்டுவீச்சில் பிழைத்த மரம் என்னும் செய்தி, குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் 2001இல் வாஷிங்டனுக்கு வந்து அதைக் கண்டபோதுதான் அங்குள்ளோருக்குத் தெரியவந்தது. வேளை தவறாது நீர் ஊற்றிய பல தலைமுறைக் கைகளே அதன் நெடுவாழ்வுக்குக் காரணம்.

மண்ணைத் தொடுமுன்

இப்பகுதியை நோயாளிகளும் உடனிருப்போரும் தவறாது படிக்குமாறு வேண்டுகிறோம்.

தொட்டித் தட்டில் தேங்கும் தெளிந்த நீரே டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு விருப்பமான இடம். முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் போதும். முட்டைகள் தட்டின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றிய பின்னும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஈரமண்ணில் வாழும் ஒருவகைப் பாக்டீரியா மெலியோய்டோசிஸ் என்னும் கடும் நோயை உண்டாக்கும். தமிழ்நாட்டிலும் இந்நோய் கண்டறியப்பட்டுள்ளது. நீரிழிவு, நாட்பட்ட சிறுநீரக நோய், மிகுந்த மதுப்பழக்கம் உடையோரை இது எளிதில் தாக்கும். அத்தகையோர் கையுறையும் காலணியும் அணிந்தே மண்ணைத் தொட வேண்டும். கையிலோ காலிலோ புண் இருந்தால் தொடவே கூடாது. மண்வேலைக்குப் பின் தொடர்காய்ச்சல் வந்தால், மண்ணைத் தொட்ட செய்தியையும் மருத்துவரிடம் கூறுங்கள். கோமதி அம்மன் சந்நிதியின் புற்றுமண்ணைப் பக்தியோடு பெறும் ஊர் நம்முடையது. அந்த மரியாதை நெஞ்சிலும் நெற்றியிலும் இருக்கட்டும். ஆறாத புண்ணின் மீது எந்த மண்ணும் படவேண்டாம்.

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோரும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரை உண்போரும் மண், மட்கிய உரம் ஆகியவற்றைக் கையாளலாகாது; அவற்றிலுள்ள பூஞ்சை வித்துகள் நுரையீரலைத் தாக்கக்கூடும். அவர்கள் சாளரத்தின் வழியே பார்த்து மகிழலாம். அதுவும் வீணன்று. பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 நோயாளிகளை ஒப்பிட்டு ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வில், சாளரத்தின் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரையே கண்டவர்களைக் காட்டிலும் விரைவில் வீடு திரும்பினர்; வலுவான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வே எனினும், பின்வந்த பல ஆய்வுகளுக்கு அது வழிகோலியது. மரம் மருந்துக்கு மாற்றாகாது, மருந்துக்குத் துணையாகலாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தொட்டிச் செடிகளைக் கொண்டுவர வேண்டா என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

மீளாதபோது

எல்லாம் செய்தும் சில மரங்கள் மீள்வதில்லை. புளோரிடாவில் ஏறத்தாழ 3,500 ஆண்டு வயதுடையதாகக் கருதப்பட்ட செனட்டர் என்னும் வழுக்கைச் சைப்ரஸ் 2012 ஜனவரியில் எரிந்து வீழ்ந்தது. அதன் கிளையிலிருந்து முன்னரே ஒட்டுக்கட்டி வளர்த்திருந்த மரம் ஒன்று மறு ஆண்டே அதே பூங்காவில் நடப்பட்டது. உங்கள் ஆல் குறுமரத்திலும் ஒரு கிளையில் மட்டும் பசுமை எஞ்சியிருந்தால், அதை வெட்டி ஈரமணலில் ஊன்றலாம். ஆல், அரசு இனங்கள் கிளைத்துண்டிலிருந்து வேர்விடக் கூடியவை.

அதுவும் இயலாமற் போனால், அதற்காக உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். நீங்கள் நீர் ஊற்றாத அந்நாள்களில் ஒருவர் படுக்கையின் அருகே விழித்திருந்தீர்கள். இரண்டு இடங்களில் ஒரே வேளையில் இருக்க எவராலும் இயலாது. அடுத்த முறை நெடுநாள் தங்க நேர்ந்தால், மருத்துவமனைக்குக் கிளம்பும் பையில் மருந்துச்சீட்டையும் துண்டையும் எடுத்துவைக்கும்போதே, அண்டை வீட்டாரிடம் ஒரு சாவியையும் ஒரு சொல்லையும் கொடுத்து வாருங்கள். உதவி கேட்கப் பலரும் தயங்குகின்றனர். கேட்டால் மறுப்பவர் மிகச் சிலரே.

வீட்டில் தேறிவரும் பெரியவருக்கு ஏதேனும் ஒரு சிறு பணி வேண்டுமென்று நீங்கள் எண்ணினால், மருத்துவரைக் கேட்டு, நீர் ஊற்றும் பொறுப்பை அவரிடம் அளித்துப் பாருங்கள். பல மாதமாகப் பிறர் கவனிப்பிலேயே இருந்தவர், தாமும் ஓர் உயிரைக் கவனிக்கத் தொடங்குவார். துளிர் வந்ததா என்று பார்க்கவாவது காலையில் எழுந்து திண்ணை வரை நடப்பார்.