கடற்காற்றும் பழம் பீரங்கியும்

பினாங்கு, ஜார்ஜ்டவுன் கடற்கரையோரம் உள்ள கார்ன்வாலிஸ் கோட்டையில் ‘ஸ்ரீ ரம்பை’ என்னும் வெண்கலப் பீரங்கி உள்ளது. டச்சுக்காரர்களின் இப்பீரங்கி 1603ஆம் ஆண்டு வார்க்கப்பட்டது. நானூறு ஆண்டுகளைக் கடந்தும் அது உருக்குலையவில்லை. ஆனால், கடற்கரை வீடுகளின் இரும்புக் கதவுகள் சில ஆண்டுகளிலேயே துருப்பிடித்துவிடுகின்றன. இதற்கு என்ன காரணம்?

இரும்பு, நீரோடும் உயிர்வளியோடும் வினைபுரிந்து துருவாகிறது. கடற்காற்றில் உள்ள உப்பு இவ்வினையை விரைவுபடுத்துகிறது. துரு பொருக்குப் பொருக்காக உதிர்வதால், உள்ளே இருக்கும் இரும்பும் தொடர்ந்து அரிக்கப்படுகிறது.

வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். செம்பும் ஈரக்காற்றோடு வினைபுரியும். எனினும், அதனால் உண்டாகும் களிம்பு எளிதில் உதிர்வதில்லை. அது மேற்பரப்பில் இறுகப் படிந்து, அடியில் உள்ள உலோகம் அரிக்கப்படுவதைப் பெரிதும் குறைக்கிறது.

வீட்டில் செம்புப் பாத்திரத்தைப் புளியிட்டுத் தேய்த்தால் அது பளபளக்கும். புளியில் உள்ள அமிலம் களிம்பைக் கரைத்துவிடுவதே இதற்குக் காரணம். பழைய பீரங்கியையும் அவ்வாறு தேய்த்தால், அதனைக் காத்துவரும் படலம் நீங்கிவிடும். உலோகம் மீண்டும் கடற்காற்றின் தாக்குதலுக்கு உள்ளாகும். ஆகவே, வரலாற்றுச் சின்னங்களின் மீது படிந்த களிம்பை அழுக்கென்று எண்ணிச் சுரண்டிவிடக் கூடாது.