படுக்கையாகும் இருக்கை

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் வியாபாரிகளில் மிலான் கண்காட்சிக்குப் பறப்பவர்கள் உண்டு. பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுப்பதென்றால், நிறுவனத்தின் பெயரைவிட விமானத்தின் இருக்கை வரைபடத்தைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். வரிசை 1-2-1 என்றிருந்தால் யாரையும் தாண்டாமல் நடைபாதைக்கு வந்துவிடலாம். 2-2-2 என்றால் ஜன்னலோரக்காரர் நடுராத்திரி எழுந்திருக்க, பக்கத்தில் தூங்குபவரின் காலைத் தாண்டியாக வேண்டும். எமிரேட்ஸின் பழைய போயிங் 777 விமானங்களில் 2-3-2. அவ்வளவு காசு கொடுத்தும் நடு சீட்!

இருக்கை முழுசாக மட்டமாகிறதா என்றும் பாருங்கள். சரிவாக நிற்கும் ரகத்தில் தூக்கத்தில் உடம்பு வழுக்கிக்கொண்டே போகும். பிசினஸ் கிளாஸில் முழுப் படுக்கையை பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000-இல் கொண்டுவந்தது; கத்தார் ஏர்வேஸ் 2017-இல் கதவே வைத்தது.

உறை தோலாக இருந்தால் நம்மூர்க்காரர் கை சும்மா இருக்காது, தடவிப் பார்க்கும். அது பெரும்பாலும் மாட்டுத்தோல். ஆட்டுத்தோல் அளவில் சிறியது, ஒட்டுப்போட வேண்டிவரும். விமானத்துக்குப் போகும் தோலைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு 12 விநாடி தீச்சுடர் காட்டுவார்கள். சுடரை விலக்கிய 15 விநாடிக்குள் அணைந்தால்தான் அது தேறும்.